லேப்டாப் பிராசசரும் சூடும்: வாசகர் கேள்விகள்

என் லேப்டாப்பில் இன்டெல் ஐ5 பிராசசர் இருக்கிறது. ஐ7 போடலாமா?

எந்த ஐ5? மாடல் எண்ணை எழுதாமல் இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. கடைசி எழுத்து யூ, ஹெச், ஹெச்க்யூ என்றால் சிப் (பிராசசர்) போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைக்கப்பட்டது. ஆசையை விடுங்கள், அந்தப் பணத்துக்கு ரேமும் எஸ்எஸ்டியும் வாங்குங்கள். எம், க்யூஎம், எம்க்யூ என்றிருந்தாலும் சிபியூ-இசட் என்ற மென்பொருளில் பேக்கேஜ் வரியைப் பாருங்கள், சாக்கெட்டின் எண் அதில் இருக்கும். 988, 946, 947 என்றால் கழற்றலாம். 1023, 1364 என்றால் முடியாது. இன்டெலில் 4-ஆம் தலைமுறையோடு சாக்கெட் லேப்டாப் சிப்களின் காலம் முடிந்துவிட்டது.

திங்க்பேட் டி430, ஐ5-3320எம். ஐ7-3632க்யூஎம் பொருந்துமா?

பொருந்தும். இரண்டும் 35 வாட் (வெளியிடும் சூட்டின் அளவு), புதியதில் கோர் நான்கு. 45 வாட் 3740க்யூஎம் கூட உட்காரும், ஆனால் ஃபேன் ஓயாது. பழைய சிப் இருக்கும்போதே பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிடுங்கள்.

சிப்பை எப்படிக் கழற்றுவது?

முதலில் சார்ஜரையும் பேட்டரியையும் எடுங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்துங்கள். ஹீட்சிங்க், அதாவது சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகத்தின் ஸ்க்ரூக்களை அதில் அச்சிட்ட எண்ணின் தலைகீழ் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினால் பூட்டு திறக்கும். புது சிப்பின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு ஒப்பிட்டு வையுங்கள். தன் எடையிலேயே இறங்க வேண்டும். அழுத்தினால் சிப்பின் அடியிலுள்ள பின்கள் (ஊசிகள்) வளையும்.

வெளியிலிருந்து ப்ளோயரால் ஊதினேன், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்டும் நிறையத் தடவினேன். அப்படியும் 95 டிகிரி!

வாரம் தவறாமல் வரும் கடிதம் இது. தூசி படிவது வெளித்துவாரத்தில் அல்ல. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு போல. வெளியிலிருந்து ஊதினால் அது அங்கேயே கிடக்கும். ஃபேன் மட்டும் கண்டபடி சுழன்று பேரிங் தேயும். பேட்டரியைக் கழற்றி, ஹீட்சிங்கை வெளியே எடுத்து, ஃபேனின் ஸ்க்ரூக்களையும் பிரித்தால்தான் அந்தத் துண்டு கையில் வரும். விரலால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு பிரஷ் போடுங்கள்.

அடுத்து பேஸ்ட். லேப்டாப் சிப்புக்கு மேல்மூடி கிடையாது, சிறிய டை (சிலிக்கான் துண்டு) மட்டும்தான். அதற்கு ஒரு அரிசி அளவு போதும். அதிகம் வைத்தால் குளிர்ச்சி அதிகமாகாது, வழிந்துதான் போகும். பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியது. பேஸ்ட் மாற்றியும் சூடு குறையாவிட்டால் தெர்மல் பேடை (மற்ற சிப்களுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள மெத்தை போன்ற பட்டை) பாருங்கள். 0.5 மி.மீ. பேட் இருந்த இடத்தில் 1 மி.மீ. போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு டையைத் தொடாது. பேட் இடத்தைப் பேஸ்டால் நிரப்புவதும் தவறு. அந்த இடைவெளியை அது அடைக்காது. இதையெல்லாம் சரிபார்க்காமல் புது பிராசசருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) போடலாமா?

வேண்டாம். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும். ஒரு துளி சிந்தினால் ஷார்ட் சர்க்யூட்.

எத்தனை டிகிரி வரை பயமில்லை?

முழு வேலையில் 85 வரை கவலை இல்லை. 4-ஆம் தலைமுறைக்கு எல்லை 100. அதை நெருங்கும்போது சிப் தானே வேகத்தைக் குறைக்கும். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 சதவீதமாக்கினால் டர்போ (சிப் தானாகக் கூட்டிக்கொள்ளும் கூடுதல் வேகம்) நின்று சூடு சட்டென்று இறங்கும், வேகமும் கொஞ்சம் போகும். அப்படியும் 95 காட்டினால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்கை எடுத்துப் பாருங்கள்.