வேண்டாம் என்று சொன்னது யார்?

கேள்வி: அந்தக் காலத்தில் தாத்தா பாட்டியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தோம். தொழிலும் அவர்கள் கையிலிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. இப்போது பெரியவர்கள் முதியோர் இல்லத்தில், பிள்ளைகள் செல்போனில். பத்தமடைப் பாய்கூட அழிந்துவிடும் போலிருக்கிறது. இந்தத் தலைமுறைக்கு நன்றி இல்லாமல் போனதுதானே காரணம்?
- ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்தக் காலத்தில் பெரியவரைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, படுக்கைத் துணி அலசியது பெரும்பாலும் மருமகள். மகன் சாயங்காலம் வந்து "அப்பா சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதோடு சரி. அந்த மருமகள் இன்று வேலைக்குப் போகிறாள். மகன் சென்னையிலோ துபாயிலோ. வீட்டில் ஆள் இல்லாததை நன்றிகெட்டதனம் என்று சொல்லிவிட முடியாது.

நிஜமாகவே கைவிட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகத்தான் 2007-ம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். உங்கள் பக்கத்துக்காரர்கள் சேரன்மகாதேவி சார் ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவிடுவார்கள். பார்த்துக்கொள்வேன் என்று எழுதி வாங்கிய வீட்டைத் திரும்பப் பெறவும் வழி இருக்கிறது. ஆனால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பாசத்தில் அதை விட்டுவிட்டு அப்புறம் அலைகிறவர்கள் உண்டு.

பாய்க்கு வருவோம். பத்தமடையில் நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம் குடும்பங்கள், அதிலும் பெண்கள். கோரையைக் காயவைத்து, ஒரு வாரம் போல ஆற்றுத் தண்ணீரில் ஊறவிட்டு, ஊறிப் பருத்த தண்டை நெடுக்காகக் கிழிப்பார்கள். பட்டுப்பாய் என்கிற உயர்ந்த ரகம் என்றால் அது நூல் மாதிரி ஆகிறவரை கிழிக்க வேண்டும். எந்தத் தண்டு நடுவில் ஒடியும் என்பது விரலுக்குத்தான் தெரியும். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, கோரையைப் பாழாக்கி, திட்டு வாங்கித்தான் படிக்கும். அப்படிக் கிழிக்கத் தெரிந்த கை இருக்கும்வரை கிழவிக்கு வீட்டில் வருமானமும் இருந்தது, சொல்லுக்கு மதிப்பும் இருந்தது.

சரி, பிள்ளையை ஏன் உட்காரவைக்கவில்லை? ஒரு நல்ல பட்டுப்பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும். விற்றால்தான் காசு. அதே நேரத்தில் பீடி சுற்றினால் வாராவாரம் கூலி, பி.எஃப். வேறு. இதைப் பார்த்த வாப்பாவும் உம்மாவுமே, "இந்தக் கஷ்டம் எங்களோட போகட்டும், நீ படி" என்று பிள்ளையைத் தறியடியிலிருந்து எழுப்பி அனுப்பினார்கள். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டது. இதில் நன்றி எங்கே குறைந்தது?

புவிசார் குறியீடு கிடைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பெயரைத் திருடாமல் அது காக்கும். நெய்கிறவர் கூலியை யார் கூட்டுவது? மணமக்கள் பெயரை நெய்த பட்டுப்பாயைக் கல்யாணத்துக்குச் சொல்லிச் செய்கிற வழக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் என்ன பாய் வாங்கினீர்கள்? பிளாஸ்டிக் என்றால், பேரப்பிள்ளையின் செல்போனைக் குறை சொல்ல உங்களுக்கு யோக்கியதை இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம், எங்கள் அலுவலகத்திலும் பிளாஸ்டிக் பாய்தான்.

உங்களுக்குப் பத்தமடை ஒன்றும் தூரமில்லை, சேரன்மகாதேவி தாண்டினால் வந்துவிடும். நெய்கிறவரிடமே நேரில் சொல்லுங்கள். முன்பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பாய் கைக்கு வர ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை பிளாஸ்டிக்கிலேயே படுங்கள்.