முகவாய் முடிக்கு லேசர்: கருத்த தோலில் செய்யலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. கருத்த நிறம். சில வருடங்களாக முகவாயிலும் கழுத்திலும் தடித்த முடி முளைக்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை த்ரெடிங் செய்கிறேன். மாதவிலக்கும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. லேசர் செய்துகொண்டால் முடி நிரந்தரமாகப் போய்விடுமா? கருப்பாக இருப்பவர்களுக்குத் தோல் வெந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தவறான கருவியில் செய்தால் வெந்துவிடும் என்பது உண்மைதான். சரியான கருவியில், பழகிய கையில் செய்தால் உங்கள் நிறத்துக்கும் நன்றாகவே பலன் தரும்.

முடியில் உள்ள மெலனின் என்ற கருநிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு மயிர்க்காலுக்குள் பரவி, புது முடியை உருவாக்கும் செல்களைக் கருக்குகிறது. சிக்கல் என்னவென்றால், மேல்தோலிலும் அதே மெலனின் இருக்கிறது. நிறம் கூடக் கூட ஒளியின் ஒரு பங்கை மேல்தோலே வாங்கிக்கொள்ளும். கொப்புளமும் தழும்பும் வருவது அதனால்தான்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது அலைநீளம். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரை மெலனின் மிக அதிகமாக உறிஞ்சும்; வெளுத்த தோலுக்கு அது பொருத்தம், உங்களுக்கு வேண்டாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மேல்தோல் குறைவாகவே உறிஞ்சும், ஒளியும் ஆழம் வரை இறங்கும். கருத்த தோலுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அடுத்தது 800 முதல் 810 வரையிலான டயோடு. ஐபிஎல் என்பது லேசரே அல்ல, பல அலைநீளங்கள் கலந்த ஒளி. உங்கள் நிறத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஒளித்துடிப்பின் நீளம். சிறு தணல் சட்டென்று அணைந்துவிடும், பெரிய கட்டை கனன்றுகொண்டே இருக்கும். அதுபோல மேல்தோலின் நுண்ணிய நிறமித் துகள்கள் உடனே ஆறிவிடும். தடித்த முடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கருத்த தோலுக்குச் சுமார் 30 மில்லி விநாடியோ அதற்கு மேலோ நீளும் துடிப்பைத் தேர்ந்தெடுப்போம். மூன்றாவது குளிர்விப்பு: குளிர்ந்த கருவிமுனை, குளிர்காற்று, குளிர் தெளிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். எந்த லேசர், எப்படிக் குளிர்விக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் செய்துகொள்ளாதீர்கள். முதலில் ஓரமாக ஒரு சிறிய இடத்தில் சோதித்துவிட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து முழுச் சிகிச்சை தொடங்குவதே நல்லது. நிறமாற்றம் வெளியே தெரிய அவ்வளவு நாளாகும்.

இனி த்ரெடிங். அதை இன்றோடு நிறுத்துங்கள். வேரோடு பிடுங்கிய மயிர்க்காலில் ஒளியை வாங்க முடியே இருக்காது. லேசர் அடித்தும் வீண். சிகிச்சைக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பிருந்தே த்ரெடிங், வேக்சிங், பிடுங்குதல் எதுவும் கூடாது, அமர்வுகளுக்கு இடையிலும் கூடாது. கத்தரிக்கலாம், மழிக்கலாம். மழித்தால் முடி தடிக்கும் என்ற பயம் வேண்டாம். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரியும், அவ்வளவே. சிகிச்சைக்கு முந்தைய நாள் மழித்துவிட்டுப் போங்கள். வெளியே நீண்டிருக்கும் முடி கருகினால் மேல்தோலைச் சுடும்.

வளர்ச்சி நிலையில் இருக்கும் முடிதான் நன்றாக அழியும். எல்லா மயிர்க்காலும் ஒரே நேரத்தில் அந்த நிலையில் இருப்பதில்லை. அதனால் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறிலிருந்து எட்டு அமர்வுகள் தேவைப்படும். ஒவ்வொரு துடிப்பும் சுரீரென்று குத்தும். மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்து தடிப்பது இயல்பு, ஓரிரு நாளில் அடங்கும். குளிர் ஒத்தடம் போதும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் முடி வளர்வது போலத் தெரியும். பெரும்பாலும் அது செத்த முடி வெளியே தள்ளப்படுவதுதான், தானே உதிரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தவறாமல் பூசுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நரைத்த முடிக்கு லேசர் பயன்படாது, மயிர்க்காலை மின்சாரத்தால் ஒவ்வொன்றாக அழிக்கும் எலக்ட்ராலிசிஸ்தான் வழி.

கன்னத்துப் பூனைமுடியையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மெல்லிய முடியில் ஒளி போதுமான சூட்டை உண்டாக்காது. சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசர் பட்ட இடத்தின் ஓரங்களில் முடி முன்பைவிட அடர்ந்து வளர்ந்துவிடும். கருத்த நிறமும் ஹார்மோன் கோளாறும் உள்ளவர்களிடம் இது அதிகம்.

‘நிரந்தரமா’ என்ற கேள்விக்குப் பதில் உங்கள் மாதவிலக்கில் இருக்கிறது. முகவாயில் தடித்த முடி, தள்ளிப்போகும் மாதவிலக்கு, இரண்டும் சேர்ந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். லேசர் இன்றுள்ள முடியை அழிக்கும். ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோன் மிகுந்திருந்தால் நாளை வேறு பூனைமுடிகள் தடித்த முடியாக மாறும். அப்போது பணம் செலவழித்தும் பலன் இல்லை என்று மனம் உடைந்துபோவீர்கள். டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏ-எஸ், 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். ஹார்மோன் பரிசோதனைக்கு மாதவிலக்கின் இரண்டு முதல் ஐந்தாம் நாளுக்குள் காலை நேரம் ஏற்றது. சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகினாலோ, குரல் தடித்தாலோ காத்திருக்கக் கூடாது. கட்டி ஏதும் உண்டா என்று உடனே பார்க்கவேண்டும்.

பிசிஓஎஸ் உறுதியானால் மருந்தும் லேசரும் ஒருங்கே போகட்டும். கருத்தடை மாத்திரையோ, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தோ முடியில் பலன் காட்ட ஆறு மாதமாவது ஆகும், அதுவரை பொறுங்கள். லேசருக்குப் பிறகு முடி வெகுவாகக் குறையும், மிஞ்சுவது மெலியும். வருடத்துக்கு ஓரிரு முறை மறுபடி செய்ய நேரலாம். கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஸ்பைரோனோலாக்டோன் வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் அப்போது அதைத் தரமாட்டோம். கர்ப்ப காலத்தில் லேசரையும் தள்ளிவைப்போம்.