இரவல் போன புத்தகங்களின் கணக்கு

அன்புள்ள ரீச்சருக்கு,

நான் கொக்குவிலில் இருக்கிறேன். கம்பஸில் இரண்டாம் வருடம். வாசித்த புத்தகங்களைக் கணக்கு வைத்துக்கொள்ள மூன்று வருடமாகப் போராடுகிறேன். முதலில் குட்ரீட்ஸ் என்ற செயலியில் போட்டேன். தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டையை ஸ்கான் பண்ணினால் பாதிக்கு மேல் வருவதில்லை. பிறகு எக்செல்லில் நிறம் நிறமாகப் பிரித்தேன்: வாசித்தது பச்சை, பாதியில் விட்டது மஞ்சள், வாங்கி வாசிக்காதது சிவப்பு. இப்போது சிவப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. இந்த வருடம் 52 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். ஓகஸ்ட் வந்தும் 19இல்தான் நிற்கிறேன். எதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவது என்பதிலும் குழப்பம். இரவல் கொண்டுபோன மூன்று பேர் திருப்பித் தரவில்லை. இனி யாருக்கும் புத்தகம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நீங்கள் எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்? எந்தச் செயலி நல்லது?

அன்புடன்,
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வந்த கிழமை நான் என் ஐயாவின் கணக்குக் கொப்பிக்குப் புது மட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் கையோடு பதில் எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். நட்சத்திரத்தை விடும். இருபது வயதில் ஒரு புத்தகத்துக்கு நீர் போடும் இரண்டு நட்சத்திரத்தை நாற்பது வயதில் பார்த்தால் உமக்கே மனம் வலிக்கும். சிவப்பு நிறத்தையும் இன்றைக்கே அழியும். வீட்டில் அரிசி மிச்சம் இருக்கிறதே என்று யாரும் பயப்படுவதில்லை. வாங்கி வைத்த புத்தகமும் அப்படித்தான், பசிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கான் வராததற்குக் காரணம் எளிது. பின்னட்டையில் கோடுகளுக்கு மேலே இருக்கும் 13 இலக்கம்தான் அந்தச் செயலிக்குத் தெரிந்த புத்தகத்தின் பெயர். அந்த எண்முறை 1970இல்தான் சர்வதேச நியமம் ஆனது. 13 இலக்கம் ஆனது 2007இல். 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் இலங்கைப் பதிப்பு. 1970க்கு முந்திய புத்தகத்தில் இதெல்லாம் ஏது? பிந்தியதிலும் நம்மூரில் சொந்தக் காசில் அச்சடித்தவர்கள் பலர் எண் வாங்கியதே இல்லை. ஆகவே பெயரைக் கையால் தட்டி ஏற்றும். தமிழிலேயே தட்டும். இங்கிலீசு எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தால் நாளைக்கு உமக்கே தேடக் கிடைக்காது.

சரி. இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

உம்முடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். 52 இருக்கிறது, 19 இருக்கிறது, மூன்று வருடம் இருக்கிறது, திருப்பித் தராத மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு புத்தகத்தின் பெயர்கூட இல்லை, பிள்ளை. வாசிப்பதைப் பற்றி இத்தனை வரி எழுதிய உமக்கு, அந்த 19இல் ஒன்றையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இதை உம்முடைய குற்றமாக மட்டும் சொல்லவில்லை. நான் இதே குற்றத்தை எத்தனையோ வருடம் வகுப்பறையில் செய்திருக்கிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 புத்தகங்களோடு திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கி அது எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. யூன் மாதம் வந்தால் நான் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு வருடம் பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, "ரீச்சர், அதிலே ஒரு பத்துப் புத்தகத்தின்ரை பெயர் சொல்லுங்கோ" என்று கேட்டான். நக்கலுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். நான் நாலு சொன்னேன். ஐந்தாவது வரவில்லை. அந்த நாலும் நான் சிறுமியாக அங்கே மேசையில் இருந்து வாசித்தவை. வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எண்ணைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெயர்களை நாமும் ஒருமுறை தொலைத்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன், கவனமாகக் கேளும். பரிபாடலில் மொத்தம் 70 பாட்டு. இன்று முழுதாக நம் கையில் இருப்பவை 22. எழுபது என்று நமக்கு எப்படித் தெரியும்? பெயர்கூடத் தெரியாத யாரோ ஒருவர் ஒரு பழைய வெண்பாவில் கணக்கெழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வெறுமனே எழுபது என்று எழுதவில்லை. திருமாலுக்கு 8, செவ்வேளாகிய முருகனுக்கு 31, காட்டில் உறையும் கொற்றவைக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4 என்று பிரித்து எழுதினார். கூட்டிப் பாரும், எழுபது வரும். அந்த ஆள் அப்படி எழுதியதால்தான் கொற்றவைக்கு ஒரு பாட்டு இருந்தது என்று இன்று நமக்குத் தெரிகிறது. அது முழுப்பாட்டாக நம் கைக்கு வரவில்லை. ஆனாலும் அது இல்லை என்பது தெரிகிறது. எனக்கு அந்த ஒற்றைப் பாட்டின் மேல், கிடைத்த 22ஐயும் விட ஏக்கம் அதிகம். கணக்கு என்றால் அப்படி இருக்க வேண்டும். தொலைந்தால் எது தொலைந்தது என்று சொல்ல வேண்டும்.

ஐயாவின் கொப்பியும் அந்த இனம்தான்.

ஐயா கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். கோடு போட்டுக் கட்டம் கட்டமாக எழுதுவது அவருக்கு மூச்சு விடுவது போல. நீளமான தடித்த மட்டைக் கணக்குக் கொப்பி ஒன்றை வாங்கி, பக்கத்துக்கு ஏழு நிரல் போட்டிருந்தார்: இலக்கம், நூலின் பெயர், எழுதியவர், வாங்கிய இடமும் திகதியும், விலை, இரவல், திரும்பியது. எச்சில் பட்டால் ஊதாவாகும் பென்சில் அந்த நாளில் இருந்தது. எழுதும் முன் நுனியை நாக்கில் தொடுவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவருடைய உதடு ஊதாவாக இருந்தால் புதுப் புத்தகம் வந்திருக்கிறது என்று நானும் தம்பியும் கண்டுபிடித்துவிடுவோம். நாலாவது நிரலில் வெறும் கடைப் பெயரோடு நிற்கமாட்டார். "பஸ்நிலையத்தடி, மழை, குடை இல்லை, சட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்தது" என்று ஒரு பதிவு இருக்கிறது. "மூத்தவள் சோதினை பாஸ், அவளுக்காக" என்று ஒன்று. அந்த மூத்தவள் நான்.

612 இலக்கம் வரை அந்தக் கொப்பி போகிறது. கடைசிப் பதிவுகள் மின்சாரம் இல்லாத காலத்தவை, ஜாம் போத்தல் விளக்கில் எழுதியவை. எழுத்து பெரிதாக, கோட்டுக்கு மேலும் கீழும் போகும். ஒரு பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கறை இருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் மூக்கை வைத்தால் மணக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு நாங்கள் இணுவிலில் இருந்து வெளிக்கிட்டோம். போர் நெருங்கி, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுக்க வெளிக்கிட்ட இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தால் சனம் அடி அடியாக நகர்ந்தது. சைக்கிள் கரியலில் அரிசி, அம்மாவின் மருந்து, உடுப்பு மூட்டை. ஐயா அந்தக் கொப்பியைச் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். விடிய மீசாலையில் ஒரு மரத்தடியில் அவர் அதை எடுத்து ஈரம் பட்டதா என்று பார்த்தபோது நான் கத்திவிட்டேன். "புத்தகத்தையெல்லாம் விட்டிட்டு இந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீங்கள்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலுக்குக் காட்டினார்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது. கதவு இல்லை, புத்தகமும் இல்லை. அடித்தட்டில் கறையான் மண்ணாக ஒரு குவியல்.

உம்முடைய இரவல் கதைக்கு இப்போது வருகிறேன். ஐயா கொப்பியைத் திறந்து, இரவல் நிரலில் பெயர் இருந்தும் ஏழாவது நிரல் வெறுமையாக இருந்த பதிவுகளை எண்ணினார். 43. அவ்வளவும் அந்த இரவில் எங்கள் வீட்டில் இல்லாத புத்தகங்கள். யார் யாரிடம் என்று ஆறாவது நிரலில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். ஊரில் இருந்தவர்களுக்கு, வன்னிக்குப் போனவர்களுக்கு, வெளிநாட்டு விலாசம் கிடைத்தவர்களுக்கு. அதட்டிக் கேட்கவில்லை. "இன்ன திகதி நீர் கொண்டுபோன இன்ன நூல் உம்மிடம் பத்திரமாக இருக்கிறதா?" என்று ஒரே ஒரு வரி. எட்டு வருடத்தில் 11 புத்தகங்கள் திரும்பி வந்தன. ஒன்று ரொறன்ரோவில் இருந்து பார்சலில் வந்தது. பிள்ளையையும் பாஸ்போட்டையும் தூக்கிக்கொண்டு போன ஒரு மனிசி அதையும் கொண்டுபோயிருக்கிறா, இரவல் புத்தகம், கொடுக்க வேண்டுமே என்று. அலுமாரியில் பூட்டி வைத்திருந்த 569இல் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இன்று என் வீட்டில் ஐயாவின் புத்தகம் என்று நான் தொட்டுக் காட்டக்கூடியவை அந்தப் பதினொன்றுதான்.

நீர் என்னவென்றால், மூன்று பேர் தரவில்லை என்று கதவைச் சாத்திவிட்டீர். எனக்கு இது பொறுக்கவில்லை. இருபது வயதில் இப்படி முடிவெடுக்கலாமா? எரிந்த நூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை சொன்னவர் இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். அவர் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பாதுகாக்கச் சொல்லி அவர் தொடங்கவில்லை. கொடும் பிள்ளை, எழுதி வைத்துக்கொண்டு கொடும். கொடுக்கும்போது அவர் கண்முன்னே எழுதும். அவரும் பார்க்கட்டும். அந்த மூன்று பேரிடமும் வெட்கப்படாமல் போய்க் கேளும். இப்போது ஓகஸ்ட். நல்லூரில் கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் ஊரெல்லாம் அங்கேதான் நிற்கும். ஐயா தேர் முட்டியடியில் வைத்தே ஆட்களைப் பிடித்துக் கேட்பார். யாரும் கோபித்ததில்லை. அடுத்த நாள் புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும்.

செயலி பற்றிக் கேட்டிருந்தீர், மறக்கவில்லை. குட்ரீட்ஸ் பழகிவிட்டதென்றால் அதிலேயே இரும். ஆனால் அது 2007இல் தொடங்கி 2013இல் அமேசன் கைக்குப் போன ஒரு கம்பனி. நாளைக்கு யார் கையில் இருக்குமோ, நமக்கு அதில் சொல் இல்லை. உம்முடைய பட்டியலை முழுதாகத் தரவிறக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரவிறக்கி வேறோர் இடத்தில் வையும். முடிந்தால் தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றும் வாங்கும். நான் அதைத்தான் பாவிக்கிறேன், இப்போது மூன்றாவது கொப்பி. ஐயாவின் ஏழு நிரலோடு எட்டாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், எங்கே இருந்து வாசித்தேன் என்று. மந்திகை ஆஸ்பத்திரி வாங்கு, அம்மாவின் கட்டில் கால்மாடு என்று அதில் இருக்கும். 52ஐ விட்டுவிடும். அந்த 19இன் பெயர்களை எழுதி எனக்கு அனுப்பும், யார் சொல்லி வாசித்தீர் என்பதையும் சேர்த்து. அடுத்த கடிதத்தில் அவற்றைப் பற்றிக் கதைப்போம்.

இன்னும் ஒரு விஷயம். நீர் கொக்குவில் என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் கொப்பியைத் திறந்து பார்த்தேன். 61ஆம் இலக்கம். 1946இல் யாழ்ப்பாணத்தில் வெளிவரத் தொடங்கிய மறுமலர்ச்சி இதழ்கள், ஒன்பது, சணல் நூலால் தைத்த கட்டு. இரவல் நிரலில் "கொக்குவில் ரெயில் ஸ்ரேசனடி, தபால்காரத் தம்பி, 14.2.1978" என்று இருக்கிறது. ஏழாவது நிரல் வெறுமை. அந்த மனிதர் இப்போது இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். ஐயாவின் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. விலாசம் பிழையாகவும் இருந்திருக்கலாம். உங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் யாரிடமாவது விசாரித்துப் பாரும். மேல் மட்டை மாட்டுத்தாள். முதல் பக்கத்தில் வலது மூலையில் ஊதா எழுத்தில் 61 என்று வட்டம் போட்டு இருக்கும்.