சலூனில் நெட்டி முறித்த பிறகு கழுத்துவலி: மறுபடி முறித்தால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 38. போன வாரம் சலூனில் முடிவெட்டியபின் கழுத்தை இரண்டு பக்கமும் சடக்கென்று திருப்பி நெட்டி முறித்தார்கள். மறுநாளிலிருந்து வலது பிடரியில் வலி. தைலம் தேய்த்தும் குறையவில்லை. முந்தாநாள் ஐந்து நிமிடம் தலைசுற்றி, நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. மறுபடி நெட்டி எடுத்தால் சரியாகுமா?

பதில்: வேண்டாம். இனி யாரும் உங்கள் கழுத்தைத் திருப்பக் கூடாது. இன்றே, ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவரும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.

வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். நெட்டி முறித்துக்கொள்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வலியோடு அந்த ஐந்து நிமிடத் தள்ளாட்டமும் சேர்ந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது.

கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் நான்கு. பின்பக்கத்து இரண்டும் கழுத்தெலும்புத் துளைகளுக்குள் ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையை வெடுக்கென்று திருப்பும்போது இழுபடுவது அந்த வளைவுதான். உள்சுவர் கிழிந்தால் ரத்தம் சுவருக்குள் புகுந்து குழாயை நெருக்கும். கிழிசலில் ரத்தம் உறைந்து, ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பக்கவாதம் வர இது ஒரு முக்கியக் காரணம். பலருக்கு முதலில் வலி வரும். பக்கவாதம் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து வரும். நீங்கள் இப்போது அந்த இடைவெளியில் இருக்கலாம்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், குழாயைக் காட்டாது. சி.டி. ஆஞ்சியோவோ எம்.ஆர்.ஐ.யோ தேவை. எம்.ஆர்.ஐ.யில் சுவருக்குள் தேங்கிய ரத்தம் பிறை போல வெள்ளையாகத் தெரியும். நெட்டி முறித்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அற்ப விஷயம் என்று பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

கிழிசல் உறுதியானால் பெரும்பாலும் மாத்திரைதான், மூன்று முதல் ஆறு மாதம்: ஆஸ்பிரின் வகை, அல்லது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 250 பேரிடம் ஒப்பிட்டதில், இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பக்கவாதம் வந்தவர்களும் மிகச் சிலரே. பல கிழிசல்கள் தானே ஆறிவிடும். ஸ்கேனுக்கு முன் நீங்களாக ஆஸ்பிரின் போடாதீர்கள், சிலருக்கு மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு இருக்கும்.

கிளம்புவதற்குள் இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் மரத்தாலோ உடனே 108. அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.