விபத்துக்குப் பின் கேட்கப்படும் கடிதம்: பயிற்றுவிப்பாளரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: கொழும்பு, வெள்ளவத்தையில் ஒரு தனியார் நிலையத்தில் வளர்ந்தோருக்கான மாலை நேர வயரிங் வகுப்பை நடத்துகிறேன். அண்மையில் செய்முறைப் பயிற்சியின்போது மின்சாரம் தாக்கியதில் பயிலுநர் ஒருவரின் கை கருகியது. பயிற்சிப் பலகையிலுள்ள ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவின்போது மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) பழுது என்பதை நிர்வாகத்திடம் முன்பே வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். இப்போது முழுப் பொறுப்பும் என்னுடையதே என்று எழுதித் தரும்படி கேட்கிறார்கள்.

பதில்: அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். ஆனால், உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்றும் என்னால் கூற இயலாது. நம் நாட்டில் இத்தகைய நட்டஈட்டு வழக்குகளுக்கு அடிப்படையாக உள்ள உரோம டச்சுச் சட்டம், கவனமுள்ள ஒருவர் உங்கள் இடத்தில் என்ன செய்திருப்பார் என்றே கேட்கும்; பழுதை அறிந்திருந்தும் அதே பலகையில் பயிற்சியைத் தொடர அனுமதித்தது உங்களுக்குப் பாதகமான விடயமே. பயிலுநர் வயதுவந்தவர் என்பதால் இக்கடமை நீங்கிவிடாது. தெளிவான எச்சரிக்கையை அவர் மீறியிருந்தால் மட்டும் நிலைமை மாறலாம். சேரும்போது அவரிடம் ‘விபத்துக்கு நிலையம் பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்கியிருந்தாலும், கவனயீனத்தால் ஏற்பட்ட உடற்காயத்துக்கான பொறுப்பை அவ்வாறு விலக்கிக்கொள்ள 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடமளிப்பதில்லை.

நிர்வாகத்தின் பொறுப்பு இருவகையானது. பாதுகாப்பான உபகரணம் வழங்குவது அதன் சொந்தக் கடமை. அத்துடன், ஊழியர் தம் பணியின்போது இழைக்கும் கவனயீனத்துக்குத் தொழில்தருநரும் பதில் சொல்ல வேண்டும். உங்களை ‘வருகை விரிவுரையாளர்’ என்று அழைப்பதால் மட்டும் நீங்கள் ஊழியர் அல்லாதவர் ஆகிவிடமாட்டீர்கள்; நேரசூசியையும் கருவிகளையும் பாடத்திட்டத்தையும் தீர்மானிப்பது யார் என்பதையே நீதிமன்றம் பார்க்கும். நீங்கள் ஊழியரே எனில், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்தவேண்டிய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் செலுத்தப்பட்டனவா என்பதையும் விசாரியுங்கள்; முன்னதை நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்திலும் பின்னதை ஊழியர் நம்பிக்கை நிதியச் சபையிலும் கேட்கலாம்.

பலகையைத் திருத்துவதற்கு முன் அதைப் படம் எடுத்துவையுங்கள். பழுதை எப்போது, யாரிடம் சொன்னீர்கள், அப்போது அருகில் இருந்தவர்கள் யார் என்பவற்றை உள்ளபடியே எழுதி, திகதியிட்டு, பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். நடக்காத எச்சரிக்கையை அதில் சேர்க்காதீர்கள். வரவுப் பதிவேட்டிலும் கைவைக்காதீர்கள்.

காயமடைந்தவர் நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். சட்டத்தரணிக்குச் செலவிட உங்களுக்கு வசதியில்லையெனில் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். காயமடைந்தவரைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, தயங்காமல் செல்லுங்கள். பணம் பற்றிய வாக்குறுதியை மட்டும் ஆலோசனை பெறாமல் கொடுக்க வேண்டாம்.