டாய்லெட்டில் ஃப்ளஷ் அழுத்தினால் தண்ணீர் மெதுவாகத்தான் வருகிறது, எல்லாம் போவதில்லை. எப்படிச் சரிசெய்வது?

முதலில் அரை வாளித் தண்ணீரைக் கோப்பைக்குள் வேகமாக ஊற்றிப் பாருங்கள். சட்டென்று இழுத்துக்கொண்டு போனால் கீழே அடைப்பு இல்லை, கோளாறு மேலேதான். தண்ணீர் ஏறி நின்று மெல்ல இறங்கினால் அடைப்பு. ரப்பர் பம்ப்பால் அழுத்தி இழுங்கள். குளியலறைத் தண்ணீரும் தேங்குகிறதா? அப்படியானால் செப்டிக் டேங்க் நிரம்பியிருக்கலாம்.

மேலே கோளாறு என்றால் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறங்கள். உள்ளே நிமிர்ந்து நிற்கும், மேல்பக்கம் திறந்த ஓவர்ஃப்ளோ குழாயின் வாய்க்குச் சுமார் 2 செ.மீ. கீழே தண்ணீர் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் மிதவையின் திருகைத் திருப்பி உயர்த்துங்கள்.

மட்டம் சரியாக இருந்தும் வேகம் இல்லையா? போர் தண்ணீர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். கோப்பை விளிம்பின் அடியில் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். கடினநீரில் உள்ள கால்சியம் அங்கே சுண்ணாம்பாகப் படிந்து துளைகளை மூடிவிடும். சின்னக் கண்ணாடியைக் காட்டிப் பார்த்தால் தெரியும். வினிகரில் நனைத்த துணியை விளிம்பின் அடியில் இரவு முழுக்கச் செருகி வையுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துளைகளைக் கம்பியால் மெதுவாகக் குத்திவிடுங்கள். படிவு கெட்டியாக இருந்தால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும்.

ஒன்று மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: வினிகரோ ஆசிட்டோ ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.