ஆர்ட்பெக்கில் இல்லாத பீப்பாய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் ஐலா தீவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அங்கே வடிக்கும் ஆர்ட்பெக் ஊகடல் விஸ்கி ஒரு பாட்டில் வாங்கினேன். எத்தனை வருடச் சரக்கு என்று அதில் எங்குமே போடவில்லை. புதுச் சரக்கைப் பழசின் விலைக்கு விற்கும் வழியா இது?

கே.

அன்புள்ள கே.,

அப்படி விற்பவர்கள் உண்டு. ஊகடலை அவர்களோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்காட்லாந்து விஸ்கியில் வருடம் போட்டால், கலந்திருப்பதில் எது இளையதோ அதன் வயதைத்தான் போட வேண்டும். ஊகடலில் ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பாயில் கிடந்த பழைய விஸ்கியும் போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் கிடந்த இளையதும் சேர்கின்றன. எண் போட்டால் பழையது கணக்கிலேயே வராது.

சரி, ஏன் அப்படிக் கலந்தார்கள்? ஆர்ட்பெக் 1815-ல் தொடங்கிய வடிசாலை. 1981-ல் மூடினார்கள். 1989-ல் திறந்து கொஞ்சமாக வடித்தார்கள், 1996-ல் மறுபடி பூட்டு. அடுத்த வருடம் க்ளென்மொராஞ்சி என்ற இன்னொரு ஸ்காட்லாந்து விஸ்கி நிறுவனம் 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வடிசாலையைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம், வடிக்காமல் விட்ட எட்டு வருடத்தை எங்கே போய் வாங்குவது? 2003-ல் ஊகடல் வந்தபோது 15 முதல் 21 வயது வரையான ஆர்ட்பெக் பீப்பாய் உலகத்தில் எங்குமே கிடையாது. அதனால்தான் பழையதையும் இளையதையும் கலந்தார்கள். மூடும்முன் வடித்ததை வைத்து விற்ற 17 வருட ஆர்ட்பெக்கும் அதற்கடுத்த வருடமே நின்றது.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1998-ல் வடித்ததை அது வளர வளர எடுத்து விற்றார்கள். 2004-ல் ஆறு வயதில் ‘வெரி யங்’, 2006-ல் ‘ஸ்டில் யங்’, 2007-ல் ‘ஆல்மோஸ்ட் தேர்’ (கிட்டத்தட்ட வந்தாச்சு), 2008-ல் பத்து வயது முடிந்ததும் ‘ரினைசான்ஸ்’ (மறுமலர்ச்சி). இளசு என்பதைப் பெயரிலேயே சொல்லி விற்றவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது?

பத்து வருடச் சரக்கான ஆர்ட்பெக் 10-ஐயும் ஒருமுறை குடித்துப் பாருங்கள். ஷெர்ரியின் இனிப்பு குறுக்கே வராததால் பீட் (எரிக்கும் சதுப்பு மண்) புகை நேராக வந்து நிற்கும். அந்தப் புகை ஏறிய மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, பல வருடம் பக்கத்து ஊரான போர்ட் எலனிலிருந்து வந்தது. ஆர்ட்பெக்கின் பழைய மால்ட் சூளையில் இன்று சாப்பாட்டுக் கடை நடக்கிறது.